நோயுற்ற பிள்ளையின் படம்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் ஒருவருக்கு உதவி கிடைக்க வேண்டுமென்றால் இன்று அதற்கு ஒழுங்கான நடைமுறை இருக்கிறது. முதலில் விண்ணப்பம். பிறகு வீட்டைப் போய்ப் பார்த்த இருவரின் அறிக்கை. பிறகு கிராம சேவகரின் கடிதம். அதன் பிறகு குழுவின் முடிவு. இதையெல்லாம் எழுதிக் கொடுத்தவள் நான்தான். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்து பிரதம இலிகிதராக ஓய்வுபெற்ற ஒருத்தியைப் பங்குச் சபையில் சேர்த்தால் வேறு என்ன கிடைக்கும்? கடைசியில் ஒரு விதியையும் சேர்த்தேன்: உதவி கேட்பவரைப் படமெடுக்கக் கூடாது. எங்கள் இளைஞர்களுக்கு இந்த விதி பிடிக்கவில்லை. கைபேசியில் ஒரு படம் போட்டால் டுபாயிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் அரை மணி நேரத்தில் உதவி வந்துவிடும் என்கிறார்கள். சென்ற மாதம் கூட்டத்தில் ஒருவன் எழுந்து, "மிஸ், படம் இல்லாம யாரு சல்லி போடுவா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். இதே பங்கில் அதே கேள்வியை இதற்கு முன்பும் ஒருவர் கேட்டிருக்கிறார். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பா பதுளைக் கோவிலில் உபதேசியாராக இருந்தார். சுவாமியார் பூசை வைப்பார். மற்ற எல்லாம் அப்பா. தோட்டம் தோட்டமாக ஏறி ஜெபம் சொல்லிக் கொடுப்பது, ஞானஸ்நானம் எழுதுவது, அடித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்து வைப்பது, சுவாமியாரின் ஆங்கிலக் கடிதங்களைத் தட்டச்சில் அடிப்பது. மாவுக்கும் வரிசையில் நின்ற காலம். அப்பாவுக்கு மாதாமாதம் ஏதோ கொடுத்தார்கள். அதைச் சம்பளம் என்று சொன்னது ஒரு மரியாதைக்காக.

பிலோமினாவுக்கும் ஒன்பது வயதுதான். பசறை வீதியிலிருந்து பிரிந்து ஏறும் ஒரு தோட்டத்தின் மேக்கணக்கில், அதாவது உச்சியில் இருக்கும் பிரிவில், லயத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையான காம்பரா ஒன்றில் இருந்தார்கள். தாய் கொழுந்து பறிப்பவர். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பூசைக்கு வருவார். ஒன்பது வயதுப் பிள்ளை இடுப்பில் வருவதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். அவளுடைய உதடும் நகமும் நாவற்பழம் தின்றது போல எப்போதும் ஊதா நிறமாக இருக்கும். யாருக்கும் கொடுக்காமல் வருடம் முழுவதும் நாவற்பழம் தின்கிறாள் என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டும் விட்டேன்.

"எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"என்னாது?"

"நாவப்பழம்."

அவள் என் வாயைப் பார்த்தாள். தன் விரல்களைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "வீட்ல," என்றாள். "நெறைய இருக்கு. வந்தீன்னா தாறேன்."

பதுளை ஆஸ்பத்திரியில் இதயத்தில் ஓட்டை என்றார்கள். கொழும்பில் அறுத்துத் தைக்கலாம். அறுப்பதும் தைப்பதும் இலவசம். அதற்கு வேண்டிய சாமான் ஒன்று வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அது இலவசமில்லை. அடுத்த வருட மழைக்கு முன் செய்துவிட்டால் நல்லது, அதற்கு மேல் பிள்ளை தாங்காது என்று டொக்டர் அப்பாவிடம் சொன்னார்.

சுவாமியார் முதலில் எங்களிடமேதான் கேட்டார். அவர் மன்னார்ப் பக்கத்துக்காரர். அவருடைய தமிழைத் தோட்டத்துச் சனங்கள் பாதி புரிந்தும் பாதி ரசித்தும் கேட்பார்கள். அந்தோனியார் திருநாள் பூசை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார். எங்கள் ஏலத்துக்கு ஒரு முறை உண்டு. எடுத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவது கஞ்சத்தனம். திருப்பிக் கோவிலுக்கே கொடுத்துவிட வேண்டும். அது மறுபடி ஏலத்துக்கு வரும். அன்று ஒரு பலாப்பழம் ஐந்து முறை ஏலம் போனது. ஆறாவது முறை அது வெயிலில் வெடித்துவிட்டதால், கடைசியாக எடுத்தவர் திருப்பிக் கொடுக்க முடியாமல் தலையில் வைத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் அவரைக் கஞ்சன் என்றார்கள். இத்தனை பெருந்தன்மையிலும் சேர்ந்தது, தாயும் மகளும் கொழும்புக்குப் போய்வரக் காணும். இதயத்துக்குக் காணாது.

சுவாமியாரோடு படித்த ஒரு குரு, குளிர் நாடொன்றில் பங்கு நடத்திக்கொண்டிருந்தார். அவருக்குக் கடிதம் போனது. பதில் வந்தது. எங்கள் மக்கள் உதவுவார்கள். பிள்ளையின் படம் ஒன்று அனுப்புங்கள்.

சீமைக்குப் போகப்போகும் படம் என்று அப்பா சொன்னதும் பிலோமினாவின் தாய் அடுத்த ஞாயிறே ஆயத்தமாக வந்துவிட்டார். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுப்பதற்கென்று கோவிலில் ஒரு தகரப் பெட்டி நிறைய வெள்ளைச் சட்டைகள் இருந்தன. சாவி அம்மாவிடம். அதில் மிக நல்லதை அம்மா எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தார். லயத்தில் யாரோ ஒரு சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருந்தார்கள். முகம் முழுக்கப் பவுடர். பதுளையில் படக்கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று அழைக்கும் முஸ்லிம் பெரியவர் அவளை, அன்னம் நீந்தும் ஏரி வரைந்த திரைக்கு முன்னால், காகிதப் பூச்சாடி பக்கத்தில் நிற்க வைத்தார். அப்பா காசை நீட்டினார்.

"சீக்கான புள்ளக்கிட்ட சல்லி வாங்குறதா? அல்லாஹ் கேப்பான் மாஸ்டர்," என்றார் நானா.

அதோடு நிற்காமல், கலியாணப் படங்களுக்கு மட்டும் செய்யும் ஒரு வேலையையும் தர்மத்துக்காகச் செய்தார். நெகட்டிவில் பென்சிலை வைத்து, பிள்ளையின் உதட்டுக் கருமையையும் கண்ணடிக் குழியையும் பக்குவமாக அழித்துவிட்டார். படத்தைப் பார்த்து அந்தத் தாய் அழுதார். இவ்வளவு சுகமாக அவர் தன் மகளைப் பார்த்ததில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அழகான படம், மிக்க நன்றி. நோயுற்ற பிள்ளையின் படத்தையும் தயவுசெய்து அனுப்பி வைக்கவும்.

வேறு படம் எடுக்கலாம் என்று கேட்க அப்பா மேக்கணக்குக்கு ஏறினார். நாவற்பழத்துக்காக நானும் கூடப் போனேன். காம்பராவில் ஒரு கட்டிலும் அடுப்பும் ஒரு மாதா படமும் இருந்தன. பிலோமினா கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் கேட்பதற்கு முன்னமே, "தீந்து போச்சு," என்றாள்.

"அந்தப் படத்துக்கு என்னாங்க கொற?" என்று தாய் அப்பாவிடம் கேட்டார்.

"கொற ஒண்ணுமில்ல. ரொம்ப நல்லா இருக்கு. அதான் சிக்கல்." அப்பா தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். "வீட்ல இருக்கிற மாதிரி, இதே சட்டையோட, லயத்து வாசல்ல நிக்கிறாப்ல ஒண்ணு எடுத்தா…"

"கிழிசலோடயா?"

அப்பா தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"ஊரு ஒலகம் பாக்கிற படம்ங்கிறீங்க. கிழிசலோட நிக்க வச்சு அனுப்பச் சொல்றீங்க. நோவுதானுங்க வந்திருக்கு எங்களுக்கு. மானமுமா போயிருச்சு? வேணாங்கய்யா. அவங்களுக்கு எரக்கம் இருந்தா அந்தப் படத்தப் பாத்தே குடுக்கட்டும்."

அந்த வெள்ளிக்கிழமை ஆயர் இல்லத்திலிருந்து ஒருவர் வெளிநாடு போகவிருந்தார். அவர் கையில் கொடுத்தால் படம் ஒரு வாரத்தில் சேர்ந்துவிடும். தபாலில் என்றால் மீண்டும் இரண்டு மாதம். சுவாமியார் எங்கள் வீட்டு வாசலில் நின்று அப்பாவிடம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "என்ன செய்யிறது மாஸ்டர்? படம் இல்லாமல் ஆர் காசு தருவினம்?" கேட்டுவிட்டு, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். சற்று அதிக நேரம் பார்த்தார்.

நான் இயல்பிலேயே சோறு காணாத தோற்றம் உள்ள பிள்ளை. சின்னமுத்துக் காய்ச்சல் வந்து எழும்பியிருந்ததால் அப்போது இன்னும் எடுப்பாக இருந்தேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நல்லா இருக்கிற புள்ளைய நோயாளின்னு எழுதி அனுப்புறதா? வாக்கு பலிச்சிரும்," என்றார். அப்பா, பிள்ளை வேறு என்றாலும் நோய் உண்மை, பணம் போய்ச் சேரும் இடமும் உண்மை என்றார். இந்த மாதிரி வாதங்களைப் பின்னாளில் கச்சேரியில் நிறையக் கேட்டிருக்கிறேன். பல கோவைகள், அதாவது கோப்புகள், இதன்மேல்தான் நின்றன.

அடுப்படியில் சட்டி இறக்க வைத்திருந்த என் பழைய சட்டையை எனக்கே திருப்பிப் போட்டுவிட்டார்கள். கோவிலுக்குப் பின்னால் விறகுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றேன். நானாவுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை.

"சிரிக்க வாணாம் மகள்," என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "வாப்பாட காலத்துல இருந்து எல்லாரையும் சிரிங்க சிரிங்கன்டுதான் சொல்லியிருக்கேன் மாஸ்டர். இது என்ன உத்தியோகம்?" என்றார்.

நானோ மகிழ்ச்சியில் இருந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை, கண்ணைப் பாதி மூடி ஒருமுறை. சொல்லாமலே செய்தேன். பிலோமினா மூச்சு வாங்குவதை நான் எத்தனை ஞாயிறு பார்த்திருக்கிறேன். நன்றாக நடித்தேன் என்று எனக்கே தெரிந்தது.

படம் வேலை செய்தது. முதல் உதவி வந்தது. தாயும் மகளும் கொழும்புக்குப் போனார்கள். பரிசோதனை செய்து, வயதுக்கேற்ற எடை இல்லை, கொஞ்சம் தேற்றிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். சாமானுக்கு எழுதிக் கேட்டாகிவிட்டது. அதற்கான பெரிய தொகையை அந்த நாட்டுப் பங்கு தன் தவக்காலக் காணிக்கையில் சேர்த்து அனுப்புவதாக ஏற்பாடு. படத்தைப் பற்றித் தாயிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "அது சரியாப் போச்சு" என்று மட்டும் அப்பா சொல்லியிருந்தார்.

தவக்காலத்துக்கு முன்பு அந்தப் பங்கைச் சேர்ந்த ஒரு தம்பதி இலங்கை பார்க்க வந்தார்கள். வந்த இடத்தில் எங்கள் கோவிலையும் ஒரு ஞாயிறு பார்ப்பதாக எழுதினார்கள். அதிலிருந்து சுவாமியாருக்குத் தூக்கமில்லை என்று அம்மா சொன்னார். பிள்ளை ஓய்வில் இருக்கிறாள், யாரும் பார்க்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுவது அவருடைய திட்டம். பிலோமினா வீட்டாருக்கு அன்று வர வேண்டாமென்று அப்பா சொல்லிவிட்டு வந்தார். என்னை வீட்டிலேயே இருக்கச் சொன்னார். திட்டத்தில் குறையில்லை. அதைக் கடைப்பிடிக்க வேண்டியவர்களில் ஒருவர்கூடக் கடைப்பிடிக்கவில்லை.

தன் பிள்ளைக்கு உயிர் கொடுக்க வருகிறவர்களின் முகத்தில் விழிக்காமல் இருப்பது எந்த ஊர் மரியாதை என்று நினைத்து அந்தத் தாய் வந்துவிட்டார். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாவிடம் அதே வெள்ளைச் சட்டையை வாங்கிப் போட்டிருந்தார். உதட்டில் சிவப்புக் கடுதாசியை நனைத்துத் தடவியிருந்தார். பிலோமினாவின் கையில் லயத்துத் தோட்டத்தில் பறித்த டேலியாப் பூக்கள். வெள்ளைக்காரி பொம்மை கொண்டுவருவாள் என்று கேள்விப்பட்டு நானும் வேலி வழியாக வந்துவிட்டேன்.

பிலோமினா பூவைக் கொடுத்தாள். அந்த அம்மையார் அவள் கன்னத்தைத் தட்டி ஒரு டொபியைக் கொடுத்து, சுவாமியாரிடம் ஏதோ கேட்டார். எந்தப் பெரிய வீட்டுப் பிள்ளை என்று கேட்டதாக அப்பா பிறகு சொன்னார். அதன் பிறகு அவர் நிமிர்ந்து சுற்றிப் பார்த்தார். பார்வை என்மேல் வந்து நின்றது. கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு ஓடி வந்து, மண்ணில் முழங்கால் போட்டு, என்னைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார்.

சுவாமியார் வந்தார். அவர் வாய் பாதி திறந்திருந்தது. ஏதோ ஒரு சொல்லைத் தொடங்கினார். அந்த அம்மையார் என் தோள்களைப் பிடித்து, என் கண்ணைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார். உன்னால் இப்போது ஓட முடியுமா?

அப்பா எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்திருந்த கொஞ்சச் சொற்களில் ஓடுவதும் ஒன்று. சுவாமியார் மொழிபெயர்ப்பதற்கு முன்பே நான் ஓடிவிட்டேன். மணிக்கூண்டு வரை ஓடித் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். என் வாழ்க்கையில் அதைவிட வேகமாக நான் ஓடியதில்லை. அவர்கள் கைதட்டினார்கள். என்ன ஏதென்று தெரியாத சனங்களும் தட்டினார்கள். கோவில் படியில் உட்கார்ந்திருந்த பிலோமினாவும் மூச்சு முட்டும்வரை கைதட்டிச் சிரித்தாள்.

புறப்படுமுன் அந்தக் கணவர் மக்களோடு இரண்டு வார்த்தை பேச விரும்பினார். மொழிபெயர்க்கும் பொறுப்பு சுவாமியாருக்கு. "இந்தப் பிள்ளையின் படத்தைத் தங்கட கோவில் பீடத்தில வச்சிருக்கினமாம்," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "தங்கட பங்கில எல்லாக் குடும்பமும் ஒவ்வொரு பின்னேரமும் இந்த முகத்தைப் பார்த்துச் செபம் சொன்னவையாம். கர்த்தர் கேட்டுட்டாராம்." பிலோமினாவின் தாய் கூட்டத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் இருந்தது யார் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

தவக்காலக் காணிக்கை வரவில்லை. கடிதம் வந்தது. பிள்ளை குணமடைந்ததைத் தாங்களே கண்ணால் கண்ட இருவரின் சாட்சியத்தைக் கேட்டு மகிழ்ந்தோம். சேர்ந்ததை வேறொரு நாட்டின் தொழுநோயாளர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம். நடைமுறைப்படி அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த மேசையில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதே குறிப்பைத்தான் எழுதியிருப்பேன்: நோக்கம் நிறைவேறியது, கோவை மூடப்படுகிறது.

திருத்தம் எழுதுவதற்கும் நடைமுறை உண்டு. நான் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். இரண்டு வரி போதும். அப்பா நான்கு முறை தட்டச்சில் அடித்தார். நான்கும் சுவாமியாரின் மேசையில் கிடந்தன. உண்மையைச் சொன்னால் அந்தப் பங்கு எங்களை இனி நம்பாது; மற்றப் பிள்ளைகளுக்கு வரும் பால்மாவும் கொப்பிகளும் நின்றுவிடும். சொல்லாவிட்டால் ஒரு பிள்ளை. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அன்றே ஒரு முடிவுக்கு வந்திருப்பார். மாதங்கள் போயின. கடைசியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு தன் கையாலேயே எழுதி அனுப்பினார்.

நல்ல மனிதர்கள், கோபிக்கவில்லை. மறுபடி சேர்க்கிறோம் என்று பதில் எழுதினார்கள். இம்முறை மட்டும் டொக்டரின் சான்றிதழ் வேண்டும். கூடவே, பிள்ளையின் அண்மைக்காலப் படம் ஒன்று.

அப்பா மேக்கணக்குக்கு ஏறிப்போய்ச் சொன்னார். அந்தத் தாய் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எப்படி வேணும்னாலும் எடுங்கய்யா," என்றாராம். "கிழிசலோட எடுங்க. சட்டையே இல்லாம எடுங்க. சீக்கிரமா எடுங்க."

அதற்குள் மழை தொடங்கிவிட்டது. பசறை வீதியில் மண் சரிந்து பஸ் நின்றது. மழை வெளித்த முதல் நாள், நானா கெமராவை றெக்சீன் சீலையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவோடு கால்நடையாகவே ஏறினார். லயத்துக்குக் கொஞ்சம் கீழே வரும்போதே அழுகைச் சத்தம் கேட்டதாம். வந்ததற்கு அவர் ஒரு படம் எடுத்தார். பெட்டியைச் சுற்றி வீட்டார் நிற்க எடுப்பது இங்கே வழக்கம்தான். அதில் பென்சில் வைக்கவில்லை என்று அப்பா சொன்னார்.

மறுநாள் அடக்கத்துக்கு அம்மா என்னைக் கூட்டிப்போனார். காம்பராவுக்குள் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பிலோமினாவின் தாய் என்னைக் கண்டதும் கையை நீட்டினார். அம்மா என்னை விடாமல் பிடித்துக்கொண்டார். நான் பிடியை உதறிக்கொண்டு போனேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, என் கன்னத்தைத் தடவினார். என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, ஏதோ எண்ணுகிறவர் போல நெடுநேரம் அப்படியே இருந்தார்.

"நல்லா அடிக்குது," என்றார், யாரிடமோ. பிறகு என்னிடம், "அம்புட்டுப் பேரும் ஒம் மூஞ்சியப் பாத்துல்ல, ஆயி, செபம் பண்ணிருக்காங்க. அது ஒன்னத்தானே வந்து சேரும்? ஒனக்கு ஒரு நோவும் வராது. நூறு வருசம் இருப்ப," என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் கை என் நெஞ்சிலிருந்து இறங்கியதும் எழுந்து அம்மாவிடம் வந்தேன்.

மலையிறங்கும்போது அவர் சொன்னதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா நின்றார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு என்னைவிட்டு முன்னால் நடந்தார். எனக்குக் கிடைத்ததைச் சொன்னால் அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். ஒரு தேசத்துச் சனங்களின் ஜெபம் முழுவதையும் அந்தத் தாய் ஒரு வார்த்தைகூடச் சண்டை பிடிக்காமல் எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டாரே, எவ்வளவு பெரிய மனசு என்று வியந்தபடி, நான் தேயிலைக்கு நடுவே இருந்த கல்படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன்.